கிரானைட் எஃப்.எம்.முக்கு ஒரு மிஸ்டு கால்

அந்தக் காதுல மாட்டியிருக்கறத சித்த கழட்டு கண்ணு. ஆமா, உன்னையத்தான். பயப்படாதே. உன்ற போன்ல ரீசார்ஜ் இருக்குதா? இருந்தாப் போதும். பேசறதுக்கு இல்ல, காசு ஒண்ணும் போகாது. ஒரு நம்பர் குடுப்பேன், அடிச்சுட்டு வெட்டிரோணும். அவ்வளவுதான் சோலி.

இப்ப வேண்டா. ஆறு மணி ஆகோணும். இந்த ட்ராபிக்ல உக்கடம் தாண்டறதுக்குள்ள நான் எல்லாத்தையும் சொல்லிப்போடுவேன். எதுக்கு ஏதுன்னு சொல்லாம ஒரு வயசுப்புள்ளைய ஒரு நம்பருக்கு அடிக்கச் சொல்ற பொம்பளை இல்ல நானு.

இதா பாத்தியா, ரேடியோ. நான் கணபதி. அங்கருந்து காந்திபுரம் வந்து, பஸ் மாறி, ஈச்சனாரி வரைக்கும் போறேன். கோயிலுக்கான்னு கேக்கறே. புள்ளையாருக்கு மத்த நாள் இல்லையா? ரேடியோ கேக்கப் போறேன். சிரிக்காதே. அந்தக் கண்டக்டரும் மொதல்ல சிரிச்சாரு. இப்ப நான் ஏறுனாலே, "என்னக்கா, சனிக்கெழமை வந்துருச்சா?"ங்கறாரு.

ஈச்சனாரிக்கு அக்கட்டால ஒரு காலேஜுக்காரங்க சின்னதா ஒரு ரேடியோ வச்சிருக்காங்க. சுந்தராபுரம் வரைக்குந்தான் எடுக்கும். எங்க கணபதியில வெறும் கொர்ருதான். அதுல சனிக்கெழம பொழுதோட ஆறுலருந்து ஏழு வரைக்கும் டெரிக்கு தம்பி பாட்டுப் போட வர்றான். எங்க டெரிக்கு. அவனுக்கு அந்த ஒரு மணி நேரந்தான் மிச்சம். அதையும் இப்பப் பாதியா வெட்டிப்போட்டாங்க. மொத அரைமணிக்கு ஒரு அம்மா வந்து சமையல் குறிப்பு சொல்லுது. ரெண்டுல எதை வச்சுக்கறது, எதைத் தூக்கறதுன்னு இந்த மாசக் கடைசியில முடிவு பண்ணப் போறாங்களாம். தூக்க உட்ருவனா? நான் வசந்தாமணி கண்ணு. கிரானைட் எஃப்.எம். கேட்ட எவளைக் கேட்டாலும் என்ற பேரைச் சொல்லுவா.

கிரானைட் எஃப்.எம். தெரியாதா? கோயமுத்தூர்ப் புள்ளதானே நீ? செரி, உன்ற வயசுக்கு எப்பிடித் தெரியும்.

அவினாசி ரோட்டுல ஒரு மாடியில இருந்துச்சு. கிரானைட் வியாபாரி ஒருத்தரோட மகன் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்து ஆரம்பிச்சது. பூராம் இங்கிலீஸு பாட்டு. அதுலயும் இந்த ராக்குங்கறாங்கல்ல, கிடாரைப் போட்டு அலற உட்டு, ட்ரம்மைப் போட்டு மொத்தி, ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவானே, அது. வேற ஒண்ணும் கெடையாது. ஊர்ல ஒருத்தனும் கேக்கல. என்ற கொழுந்தனாரு அந்த நம்பருக்குப் போன் போட்டு, சதுரடி என்ன வெலைன்னு கேட்டாரு. டைல்ஸ் கடைன்னு நெனைச்சுட்டாரு.

நாங்க கேட்டோம். வைண்டிங் பொம்பளைங்க. பம்புசெட்டு மோட்டாருக்குள்ள செம்புக்கம்பி சுத்துச் சுத்தாக் கோத்திருக்கும் பாரு, அது பூராம் எங்க கைவேலை. ஒரு ஷெட்டுல முப்பது பொம்பளைங்க உக்காந்திருப்போம். செவுத்துக்கு அந்தப்பக்கம் தகடு வெட்டற மிஷினு. டமார் டமார்னு நாளெல்லாம். மொதலாளி நல்ல மனுசன், ரேடியோ வாங்கி வச்சாரு. ஆனா சினிமாப் பாட்டு வச்சா அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கேட்டாலும் வம்பு. சுத்தை எண்ணிக்கிட்டே சுத்தோணுமா? தமிழ்ப் பாட்டுன்னா வார்த்தை மண்டைக்குள்ள பூந்துரும். பாட்டுல அவன் அவளைப் பாத்தானா பாக்கலையான்னு நெனைச்சா எண்ணிக்கை போயிரும். கம்பிய உருவிட்டு மொதல்லருந்து சுத்தோணும்.

ஒரு நாளு யாரோ தூசி தட்டறப்ப முள்ளு நகந்து இது வந்துச்சு. வந்துச்சுன்னா, அடேங்கப்பா! தகடு மிஷினை அமுக்கிட்டு வந்துச்சு. மிஷினு டமார்னா இவன் அதுக்கு மேல டமார்ங்கறான். நாங்க அப்பிடியே நிமிந்து பாத்தோம். கையி பாட்டுக்கு சுத்துது, எண்ணிக்கை தப்பல. ஒரு வார்த்தை புரிஞ்சாத்தானே தப்பும்! அன்னைக்கு மூடறப்போ எச்சா மோட்டாரு முடிஞ்சிருந்துச்சு. மொதலாளியே, "அந்தக் கருமத்தையே வைங்கம்மா"ன்னுட்டாரு.

ஊர்ல எத்தனை பேச்சுங்கறே. என்ற கொழுந்தனாரு, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை, உங்களுக்கு என்ன இங்கிலீஸு தெரியும்?"ன்னாரு. நான் கேட்டேன், "ஐயரு மந்திரம் சொல்றாரே, ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லுங்க பாப்போம். புரியாமத்தானே கன்னத்துல போட்டுக்கறீங்க?"ன்னு.

இன்னொண்ணு சொல்றேன், ஊட்டுல சொல்ல மாட்டேன், பஸ்ஸுல சொல்றேன். எனக்குத் தொண்டை பெருசு. கல்யாணமான நாள்லருந்து, மெதுவாப் பேசு, மெதுவாச் சிரி, அக்கம்பக்கம் கேக்குதுன்னு ஒரே பாட்டு. அந்த ரேடியோவுல ஒரு பொம்பளை கத்துவா பாரு! எதுக்குக் கத்தறாளோ. என்ன கொறையோ. எனக்காகத்தான் கத்தறான்னு இருக்கும். அவ கத்தி முடிச்சா எனக்கு நெஞ்சு லேசாயிரும். அது போதாதா?

டெரிக்குக்கு வர்றேன். போத்தனூருப் பையன். ஆங்கிலோ இந்தியனுங்க. அவிங்க தாத்தன் காலத்துலருந்து ரயில்வே. ஆனா தமிழு பேசுனான்னா நம்மளைவிட எச்சா 'ங்க' போடுவான். "வணக்கமுங்க, கிரானைட்டுங்க, உங்க டெரிக்குங்க, இப்பக் காது கிழியப் போகுதுங்க"ம்பான். அந்தக் குசும்புக்கே கேக்கலாம்.

பாட்டு பேரு எங்களுக்கு வாயில நொழையாது. அதனால போன்ல வாயிலயே கிடாரு வாசிச்சுக் காட்டுவேன். "தம்பி, அந்த ஜங்கு ஜக ஜங்கு, அப்பறம் ஒருத்தன் ஊய்ங்னு இழுப்பானே, அது போடு சாமி"ம்பேன். டக்குனு கண்டுபுடிச்சுருவான். ஒருக்கா தப்பா வாசிச்சுட்டேன். "அக்கா, நீங்க வாசிச்சது இன்னும் யாரும் போடாத பாட்டு, நான் வேணா போட்டுக்கறேன்"னான். முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

ஒரு பட்டறைக்கு ஒரு போன்தான். அது எங்க கட்டுப்பாடு. முப்பது பேருக்கும் சேத்து நான் ஒருத்திதான் பேசுவேன். ஆளாளுக்கு அடிச்சா ஒத்தைப் பையன் என்ன பண்ணுவான்? ஆவாரம்பாளையத்துல ஒரு ஷெட்டு, கணபதியில மூணு, இப்பிடி எட்டுப் பட்டறை கேட்டோம். எட்டுப் பட்டறைக்கும் நாளைக்கு எட்டே போனு. அத்தனை மரியாதை.

ஈஸ்வரி மக காதுகுத்துக்கு ஒரு பாட்டு கேட்டேன். ஈஸ்வரின்னா எனக்குப் பக்கத்துப் பலகை. ஒறம்பரை பேரு பூராம் சொல்லோணும்ன்னு சொன்னேன். தாய்மாமன் பேரு மொதல்ல வரோணும், இல்லாட்டி சீரு தட்டு திரும்பிப் போயிரும்னேன். அவன் எழுதி வச்சு, தாய்மாமன், பெரிய தாய்மாமன் பொண்டாட்டி, அத்தை, சித்தப்பான்னு வரிசை மாறாமப் படிச்சுட்டு, "இவிங்க எல்லாரும் சந்தோசமா இருக்கோணுமுங்க"ன்னு சொல்லி ஒரு பாட்டுப் போட்டான் பாரு, மண்டபத்துல வெத்தல பாக்கு தட்டு குலுங்குச்சு. தாய்மாமன் மீசைய முறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு பேரை ரேடியோவுல சொல்லிட்டாங்கல்ல.

என்ற பேரையும் சொல்லுவான். "வைண்டிங் வசந்தாமணி அக்கா கேட்ட பாட்டுங்க"ம்பான். அதுக்கு எங்கூட்டுக்காரரு டீக்கடையிலருந்து ஓடி வந்தாரு. "எவனோ ரேடியோவுல உன்ற பேரைச் சொல்றான்"னாரு. "நீ எத்தனை வருசமா ஏய், இந்தா, இங்க பாருன்னே கூப்புடறே? ஒருத்தனாவது என்ற பேரைச் சொல்லட்டும்"னேன். கோவிச்சுக்கிட்டாரு. ஆனா அன்னைக்கு ராத்திரி சோத்துக்கு, "வசந்தாமணி, ரசம் ஊத்து"ன்னாரு. கேக்கவே கூச்சமா இருந்துச்சு எனக்கு.

இது உக்கடம் மேம்பாலம். இன்னும் நேரமிருக்குது.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு பொழுதோட ஆறுலருந்து ஏழு வரைக்கும் 'தேன் நேரம்'னு ஒண்ண உட்டாங்க. சினிமாப் பாட்டு! கிரானைட்டுல சினிமாப் பாட்டு! அதையும் எங்க டெரிக்கையே சொல்ல உட்டாங்க. குரலே செத்துப்போயிருந்துச்சு பாவம். விளம்பரம் வர மாட்டேங்குதாம், ஒரு மணி நேரம் போட்டுப் பாக்கறாங்களாம், ஆளுங்க கேட்டா வச்சுக்குவாங்களாம், இல்லாட்டி எடுத்துருவாங்களாம். டெரிக்கே எனக்குச் சொன்னான். எனக்குப் பொக்குனு போச்சு. இன்னைக்கு ஒரு மணி நேரம் உட்டா நாளைக்கு நாள் பூராம் போயிரும். ஒட்டகத்துக்கு எடங் குடுத்த கதைதான்.

மாரியம்மன் நோம்பியன்னைக்கு எட்டுப் பட்டறைப் பொம்பளைங்களும் கூடிப் பேசுனோம். ஊர்வலம் போலாம்னா ஒருத்தி. கடுதாசி போடலாம்னா ஒருத்தி. நான்தான் சொன்னேன்: அவிங்க நம்பரை அமுக்கிப்போடுவோம். ஆறுலருந்து ஏழு வரைக்கும் எல்லாரும் அந்த நம்பருக்கு அடிக்கறது, ஒரு ரிங்கு போனதும் வெட்டறது. மறுபடியும் அடிக்கறது. லைனு பூராம் நாம நின்னா, சினிமாப் பாட்டு கேக்கறவ எப்பிடிப் பேசுவா? எப்பிடி என்ற யோசனை! காசு செலவில்ல, சண்டை சச்சரவில்ல, ஒரு கெட்ட வார்த்தை பேசல.

அவிங்க கொழுப்பப் பாரு, நடுநடுவுல டெரிக்கை உட்டே சொல்ல வைக்கறாங்க: "இந்த நேரம் உங்களுக்குப் புடிச்சிருந்தா இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க." அதே நம்பரு! எந்த நம்பர நாங்க பூட்டிப் போட்டமோ அதே நம்பரு. நான் ஈஸ்வரி கிட்டச் சொல்லிச் சிரிச்சேன், "குடுக்கச் சொல்றாங்கடி, எவளால குடுக்க முடியும்? நாமதான லைன்ல நிக்கறோம்!"

பொம்பளைங்க மட்டுமில்ல. ஊட்டுக்காரங்க போனு, மாமியா போனு, மளிகைக்கடைக்காரரு போனு, ஒண்ணு உடல. சோறு வடிச்சுக்கிட்டே அடிப்போம். எங்கூட்டுக்காரரு டீக்கடையில உக்காந்துட்டு அடிப்பாரு, பக்கத்துல இருக்கறவனுக்கும் நம்பர் குடுப்பாரு. விரலு மரத்துப்போகும்.

அப்பிடி அடிச்சும் என்ன பண்ணுனாங்க தெரியுமா? ஒரு மணி நேரத்தை ரெண்டு மணி நேரமாக்கிட்டாங்க! நாங்க உடுவமா? அந்த ரெண்டு மணி நேரமும் அடிச்சோம். காலையிலயும் சினிமாப் பாட்டு வந்துச்சு. காலையிலயும் அடிச்சோம். அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க, இவிங்க அம்மி இல்ல, கிரானைட்டுக் கல்லு. நாங்க அடிக்க அடிக்க ஏத்திக்கிட்டே போறாங்க. இப்பிடியும் ஒரு திமிரு உண்டா?

செரி, நேர்லயே பாத்துரலாம்னு நானும் ஈஸ்வரியும் இன்னும் நாலு பேரும் அந்த மாடிக்கே போயிட்டோம். ஏசி ரூமு. மேனேஜரு சின்னப் பையன். எழுந்திரிச்சு நின்னு, டீ வாங்கிக் குடுத்து, பிஸ்கட்டு குடுத்து. "எந்த ஏரியாம்மா?"ன்னான். கணபதின்னேன். அவன் கண்ணு விரிஞ்சுது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனான். கம்பி கம்பியா ஒசந்து நிக்குது. "இது பூராம் உங்க ஏரியாம்மா, நீங்கதானாம்மா இது?"ன்னான். நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன், "ஆமா, நாங்கதான்." எழுந்து ரெண்டு கையெடுத்துக் கும்புட்டான் கண்ணு! பயந்துட்டான்னு நெனைச்சேன். 'சிறந்த நேயர்'னு சொல்லி ஒரு ஹாட் பாக்ஸு வேற. லஞ்சம்! வாயடைக்கறதுக்கு லஞ்சம்! நான் தொடல. ஈஸ்வரி தூக்கிட்டு வந்துட்டா. இன்னைக்கும் அதுல இட்லி சூடா இருக்குதுங்கறா, மானங்கெட்டவ.

அடுத்த வாரமே நாள் பூராம் சினிமாப் பாட்டுன்னு அறிவிச்சுட்டாங்க. கும்புட்ட கையாலயே முதுகுல குத்திட்டான்.

டெரிக்கைத் தாட்டிவிட்டுட்டாங்க. கடைசி நாளு எட்டுப் பட்டறைக்கும் பட்டறைக்கு ஒண்ணா, எங்க எல்லாப் பாட்டையும் போட்டான். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி எங்க பேரையெல்லாம் படிச்சான். மோட்டாரு மேல கண்ணீர் உட்டுக்கிட்டே கம்பி கோத்தேன். சூப்பர்வைசரு, "அம்மா, ஈரமானா மோட்டாரு புகைஞ்சுரும்"னு கத்துனாரு. கத்தட்டும்.

பொழுதோட மாடிப்படியில டெரிக்கைப் பாத்தேன். பொட்டியக் கட்டிக்கிட்டு வந்தான். சொன்னான்: "அக்கா, நீங்க அடிச்சதையெல்லாம் எண்ணிட்டாங்கக்கா." நான் சொன்னேன், "எண்ணட்டும்னுதாண்டா சாமி அடிச்சோம்." என்ற மொகத்தையே பாத்தான். சிரிச்சான், அப்பறம் கண்ணு தொளும்பிருச்சு. ஒருத்தனுக்காக இத்தனை பொம்பளைங்க நின்னா எந்தப் பையனுக்குத்தான் அழுகை வராது.

ஆனா ஒண்ணு. எங்க பாவம் சும்மா உடல. டெரிக்கு போனதும் வெறுத்துப்போயி நாங்க அடிக்கறத நிறுத்திட்டோம். ஒருத்தியும் அந்த நம்பரைத் தொடல. ஆறு மாசம் தாங்கல கண்ணு, கிரானைட் எஃப்.எம். படுத்துருச்சு. விளம்பரமும் போச்சு, ஆளும் போச்சு, மாடியில இப்பப் பல் டாக்டரு இருக்காரு. எங்களப் பகைச்சுக்கிட்டவன் பொழைச்சதா சரித்திரமில்ல.

டெரிக்கு என்ன பண்ணுனான்னா, பொருட்காட்சியில மைக்கு புடிச்சான். "குழந்தையைக் காணோமுங்க, பச்சைச் சட்டைங்க"ன்னு. போத்தனூர்ல புள்ளைங்களுக்குக் கிடாரு சொல்லிக் குடுத்தான். அந்தக் குரலு குழந்தையத் தேடற குரலா? எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்பத்தான் இந்தக் காலேஜுக்காரங்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் குடுத்தாங்க. மொத நாளு அவன் "வணக்கமுங்க"ன்னப்போ நான் ஈச்சனாரி பஸ் ஸ்டாப்புல உக்காந்து ஓன்னு அழுதேன். பூக்காரம்மா ஓடி வந்து யாரு தவறிட்டாங்கன்னு கேட்டா. "யாரும் தவறல, ஒருத்தன் திரும்பி வந்துட்டான்"னேன்.

அதுக்குத்தான் சொல்றேன், இதை உட மாட்டேன்.

நேத்து அவனே போன் பண்ணுனான். நாங்க அந்தம்மா நேரத்துல அடிக்கப் போறது எப்பிடியோ காதுக்குப் போயிருக்குது. "அக்கா, இங்கயும் போனை எண்ணித்தான் முடிவு பண்றாங்க, உங்க கால்ல வேணா உழுகறேன், ஆறுலருந்து ஆறரை வரைக்கும் போனைத் தொடாதீங்க. ஆறரைக்கு நான் வந்தப்பறம் அடிங்க, எல்லாரையும் அடிக்கச் சொல்லுங்க"ன்னான். நாயத்தப் பாரு. அவன் பாட்டு ஓடறப்போ நாங்க போனை நோண்டிக்கிட்டு உக்காந்தா பாட்டைக் கேக்கறது யாரு? கோயில்ல தீவாரணை காட்டறப்போ யாராச்சும் போன் பேசுவாங்களா? அவன் வந்ததும் ஒரு போனு, எல்லாருக்கும் சேத்து நான் ஒருத்தி. அதுதான் என்னைக்குமே எங்க வழக்கம். பயந்துட்டான், பாவம். பட்ட அடி அப்பிடி. எங்களுக்குச் செரமம் குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கறான்.

என்ன சொல்லறே? சத்தமாச் சொல்லு. அந்தச் சமையல்காரம்மா கணக்குல ஏறிருமா? நீயும் அவனை மாதிரியே பேசறே. ஏறட்டுமே! ரேசன் கார்டுக்கு எண்ணுனாங்க, ஓட்டுக்கு எண்ணுனாங்க. எங்களுக்கு ஒண்ணு புடிக்கல, நாங்க இருக்கறோம்னு வேற எங்க கண்ணு எங்கள எண்ணியிருக்காங்க? அந்தக் கம்ப்யூட்டர்ல கம்பி கம்பியா நின்னமே, அது நாங்க. அதைப் பாத்து ஒருத்தன் எழுந்து நின்னு கும்புட்டான். நீ நாளைக்கு வேலைக்குப் போயி எத்தனை ஒசந்தாலும் உன்னையப் பாத்து ஒருத்தன் அப்பிடிக் கும்புடறானான்னு பாரு.

சுந்தராபுரம் வந்துருச்சு. மணி பாரு. ஆறா? இதா, எடுத்துருச்சு. கேளு, கேளு, அந்தம்மாதான். வாழைப்பூவு எப்பிடி ஆயறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றா. குரலப் பாரு, வெல்லப்பாகாட்டம். ஈஸ்வரி கணபதியில ஆரம்பிச்சிருப்பா. எட்டுப் பட்டறையும் தயாரு, பாதிப்பேரு பேத்தி எடுத்தாச்சு, அந்தப் பேத்திங்க போனும் சேத்தி.

நம்பரச் சொல்றேன், போடு. ரிங்கு போகுதா? வெட்டு. அவ்வளவுதான். மறுபடியும் போடு. என்னையப் பாக்காதே, போனைப் பாரு. கண்டக்டர் தம்பி, நீங்களும் எடுங்க, விசிலு அப்பறம் ஊதிக்கலாம்.

அடி கண்ணு, அடி. அந்தப் பையனுக்கு இந்த ஊர்ல நம்மள உட்டா யாரு இருக்கறா?